பன்னிரண்டு பெட்டியும் ஓர் இரும்புத் துண்டும்

மார்லிஸ் உலிக்கின் கைப்பைக்குள் எப்போது கைவிட்டாலும் யாருடைய பல்லாவது அகப்படும். ஹார்டன்பாக் மருத்துவமனையில் பல்செட் செய்யும் கூடத்தில் அவளுக்குப் பத்தொன்பது வருட வேலை. எங்கள் ஊரில் ஐம்பதைத் தாண்டியவர்களில் பாதிப் பேர் அவள் கையால் செய்த பல்லால்தான் ரொட்டி கடிக்கிறார்கள். தெருவில் அவள் எதிரே வந்தால் சிலர் வணக்கம் சொல்வதற்கு முன்னால் வாயை ஒருமுறை மூடித் திறந்து பார்த்துக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவள் குட்டி ரயில் பைத்தியத்தில் போய் விழுந்ததும் ஒரு பல்செட்டால்தான். எக்கெஹார்ட் வைகெல்ட் என்று ஒருவர், ஓய்வுபெற்ற தபால்காரர், எங்கள் ஊர் மாதிரி ரயில் சங்கத்தின் தலைவர். பல்செட்டின் கம்பி ஒடிந்து வந்தவர், அவள் அதைச் சரிசெய்து கொடுத்ததும் கோட்டுப் பையிலிருந்து ஒரு சாண் நீள இன்ஜினை எடுத்து மேசைமேல் வைத்தார். சக்கரங்களை இணைக்கும் கோலில் ஒரு ஆணி உடைந்திருந்தது.

"இதுக்கும் ஒரு பல் கட்ட முடியுமாம்மா?"

பல்செட் கம்பியில் ஒரு துணுக்கு வெட்டி, அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, பொருத்தினாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. விரலால் தள்ளியதும் ஆறு சக்கரமும் கோலும் ஒன்றாகச் சுழன்றன. மார்லிஸ் மறுபடி மறுபடி தள்ளிப் பார்த்தாள். அதுவரை அவள் செய்த பல் எதுவும் ஓடியதில்லை.

அடுத்த மாதமே சங்கத்தில் சேர்ந்துவிட்டாள். சேர்ந்து என்ன பிரயோசனம்? பழைய சரக்குக் கிடங்கில்தான் சங்கம். ஒரு மூலையில் நீளமான பழுதுமேசை; அதில் நான்கு இருக்கை, ஆளுக்கொரு இழுப்பறை. ஒருவர் லைப்சிக் நகரத்துக்குக் குடிபோனதிலிருந்து நான்காவது இருக்கை காலி. அது காலியாகவே கிடந்தது. கண்காட்சி வந்தால் பெண்கள் உருளைக்கிழங்கு சூப் ஊற்ற வேண்டும், உலர்பழ ரொட்டி அறுத்து வைக்க வேண்டும். மூன்று வருடம் மார்லிஸும் அதைத்தான் செய்தாள். ஆண்கள் தங்கள் இன்ஜின்களை எக்கெஹார்ட் மூலமாக ரகசியமாய் அவள் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். அவள் சரிசெய்து அனுப்பியதை மேசையில் தாங்களே செய்ததுபோல் வைத்துக்கொள்வார்கள். அவளுக்கு உள்ளே கொதிக்கும். சூப்பை ஊற்றிக்கொண்டே அந்தக் காலி இருக்கையைப் பார்ப்பாள்.

மேசைக்கு மூத்தவன் ஃபோல்க்மார் டிரெக்ஸல். ரயில்வேயில் சமிக்ஞை பழுது பார்ப்பவன். நல்லவன்தான், ஆனால் தன் பச்சை நிற விரைவு இன்ஜினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. மாவட்டத்திலேயே அதைவிட வேகமான இன்ஜின் கிடையாது என்பான். அது உண்மையும்கூட. இரண்டு பெட்டியை மாட்டிக்கொண்டு அது பறக்கிற பறப்பில் குழந்தைகள் கைதட்டும்.

மேசையில் இடம் வேண்டும் என்றால் அதற்கொரு முறை இருந்தது. சங்கத்தின் பழுதான இன்ஜின் ஒன்றை மேசைக்காரர் உதவி இல்லாமல் சரிசெய்ய வேண்டும். கண்காட்சிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணிக்குள், அது பன்னிரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு கிடங்கில் அமைத்த குட்டி மலையேற்றத்தில் ஏறி உச்சி நிலையத்தில் நிற்க வேண்டும். ஏறிவிட்டால், கையால் செய்த கருவி ஒன்றைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டு உட்காரலாம். ஏறாவிட்டால் மூன்று வருடத்துக்கு மறுபடி கேட்கக் கூடாது.

அந்த வருடம் அக்டோபர் கூட்டத்தில் மார்லிஸ் கையைத் தூக்கினாள்.

"சூப்பை யாரு ஊத்துவா?" என்றான் ஃபோல்க்மார்.

"உனக்குக் கையில்லையா? கரண்டி எங்க இருக்குன்னு காட்டித் தரேன், வா."

கிடங்கு முழுக்கச் சிரித்தது. ஃபோல்க்மாரும் சிரித்தான், ஆனால் அலமாரியிலிருந்து அவன் எடுத்துக் கொடுத்தது எட்டு வருடமாக அசையாமல் கிடந்த கறுப்புச் சரக்கு இன்ஜினை. பத்துச் சக்கரம். எண்ணெய் காய்ந்து பிசினாகி, பல்சக்கரமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. மார்லிஸ் அதைக் கைக்குட்டையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள் என்றே சொல்ல வேண்டும்.

சமையலறை மேசைதான் பட்டறை. அவள் கருவிகளைப் பார்த்தால் கடையில் வாங்கியது ஒன்றுகூட இருக்காது. அந்த நாளில் கடையில் கிடைக்கவும் கிடைக்காது. தேய்ந்துபோன பல் கருவிகளின் முனையைச் சாணையில் தீட்டி ஆறு திருப்புளி. பல் சொத்தையைத் தோண்டும் வளைந்த ஊசி, சின்ன ஸ்பிரிங்கைத் தூக்கி அதன் குழிக்குள் உட்கார வைக்க. வாய்க்குள் பார்க்கும் குட்டிக் கண்ணாடி, மோட்டாரின் அடிவயிற்றைப் பார்க்க. முனை மழுக்கிய மருந்தூசி, எண்ணெய் விட. ஒரு சொட்டு என்றால் ஒரே சொட்டுதான். எண்ணெய் அதிகம் விடுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. இந்த இன்ஜின் செத்ததே எவனோ பாசத்தில் எண்ணெய் ஊற்றிக் குளிப்பாட்டியதால்தான் என்று திட்டிக்கொண்டே வேலை செய்தாள். ரொட்டி சுடும் நீளத் தகரத்துக்குள் பஞ்சு மெத்தை போட்டு, அதில் இன்ஜினை மல்லாக்கப் படுக்க வைத்திருந்தாள். மடியில் கட்டிய ஏப்ரனின் மறுமுனையை மேசை விளிம்பில் குண்டூசியால் குத்தியிருந்தாள். தெறித்து விழும் ஸ்பிரிங் தரைக்குப் போகாமல் மடியில் விழ அதைவிட நல்ல வழி கிடையாது. முதல் நாளே மூன்று முறை தெறித்தது, மூன்று முறையும் மடியில்தான் விழுந்தது.

கணவன் கெர்னோட், பேருந்து ஓட்டுநர், அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டான்.

"நாம எப்ப மேசையில உக்காந்து சாப்பிடப் போறோம்?"

"நான் அந்த மேசையில உக்காந்த பிறகு."

பல்சக்கரத்துப் பிசினையெல்லாம் சுரண்டி முடித்து, கண்காட்சிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மோட்டாரைப் பிரித்தாள். சுழலும் ஆர்மேச்சரை வெளியே எடுத்தபோது, அதைச் சுற்றியிருந்த காந்தம் வளைந்த ஊசியைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. பிய்த்து எடுக்கச் சிரமப்பட்டாள். பல்கூடத்துப் பழக்கத்தில், எது வலம் எது இடம் என்று மறக்காமலிருக்க, காந்தத்தின் ஒரு பக்கத்தில் சிவப்பு மெழுகால் புள்ளி வைத்தாள். ஆர்மேச்சரின் செப்பு வளையத்தைக் கண்ணாடி நார் பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளப்பாக்கினாள். காந்தத்தைச் சாராயத்தில் கழுவி வெள்ளை எனாமல் தட்டில் தனியாக வைத்தாள். ஆர்மேச்சருக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் துண்டுகள் தேய்ந்திருந்ததால் புதிதாகத் தேய்த்துச் செய்ய இரண்டு நாள் ஆயிற்று. செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் பூட்டினாள்.

மேசையில் ஒரு மீட்டர் தண்டவாளம். மின்சாரம் கொடுத்த அடுத்த நொடி இன்ஜின் பாய்ந்தது. சர்ரென்று ஓடி மறுமுனையில் ரொட்டிக்கூடையில் போய் இடித்தது. எட்டு வருடம் பிணமாய்க் கிடந்தது. மார்லிஸ் கெர்னோட்டின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தாள். பத்து முறை ஓட்டினாள். ஃபோல்க்மாரின் பச்சை இன்ஜினைவிட இது வேகம், சரக்கு இன்ஜின் இவ்வளவு வேகம் போகும் என்று யார் நினைத்தார்கள்?

"நல்லாத்தான் ஓடுது. ஆனா காலி பஸ் மாதிரி ஓடுது," என்றான் கெர்னோட்.

"உனக்குப் பொறாமை," என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கெல்லாம் கிடங்கு நிரம்பிவிட்டது. வெளியே பனி பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டிருந்தது. மறுநாள் சனிக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்துக் கண்காட்சி, பத்து மணிக்குக் கதவு திறக்க வேண்டும். கடைசிப் பூச்சு, கடைசி மரம், கடைசி விளக்கு என்று ஆளாளுக்குப் பரபரத்தாலும் எல்லாருடைய ஒரு கண் மலையேற்றத்தின் மேல்தான் இருந்தது. மார்லிஸ் தன் கருவிப்பெட்டியோடு வந்தாள். சுவரில் மாட்டுவதற்கான கருவியும் அதற்குள் இருந்தது: பல்செட் செய்யும் இளஞ்சிவப்புப் பிசினில் கைப்பிடி போட்ட அழகான பிரஷ்.

முதலில் தனி இன்ஜினாக ஓட்டிக் காட்டினாள். வட்டத்தை இரண்டு சுற்று, பறந்தது. ஆண்கள் கைதட்டினார்கள். ஃபோல்க்மார்கூடச் சீழ்க்கை அடித்தான்.

"பெட்டியை மாட்டு," என்றார் எக்கெஹார்ட்.

பன்னிரண்டு பெட்டி. சமவெளியில் புறப்பட்டபோதே தயங்கியது. ஏற்றத்தின் முதல் வளைவில் மூச்சு வாங்கியது. இரண்டாவது வளைவில் சக்கரம் நின்றேவிட்டது, வழுக்கவில்லை, நின்றது. கட்டுப்பாட்டுப் பெட்டியில் மின்னோட்டம் காட்டும் முள் சிவப்புக்குள் போய் நடுங்கியது. வீட்டில் அவளிடம் அந்த முள் இல்லை. சூடான வார்னிஷ் வாசம் வந்ததும் எக்கெஹார்ட் மின்சாரத்தை நிறுத்தினார்.

சூப் அண்டாவின் மூடி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"கரண்டி அங்கேயேதான் இருக்கும்மா," என்றான் ஃபோல்க்மார்.

மார்லிஸுக்குக் காது இரண்டும் எரிந்தது. அழுகை வந்தால் மூக்கு சிவக்கும், மூக்கு சிவந்தால் எல்லாருக்கும் தெரியும் என்று குனிந்துகொண்டாள். மணி மூன்றே முக்கால். "ஐந்து மணி வரைக்கும் நேரம் இருக்கு," என்று எக்கெஹார்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு, இன்ஜினை ரொட்டித் தகரத்தில் கவிழ்த்தாள்.

பல்சக்கரம் எங்கும் சிக்கவில்லை. அச்சு இறுகவில்லை. கார்பன் சரி. வளைந்த ஊசியால் ஆர்மேச்சரை மெல்லச் சுற்றிப் பார்த்தாள். மோட்டாரைக் கையால் திருப்பினால் அது ஒவ்வொரு அடிக்கும் முரண்டு பிடித்துத் துள்ள வேண்டும். இது தானியம் புடைத்த முறம்போல் லேசாக, முரண்டே இல்லாமல் சுற்றியது. ஊசியைக் காந்தத்தின் பக்கம் கொண்டுபோனாள். ஒட்டியது. தகரத்தைச் சற்று ஆட்டியதும் விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கையிலிருந்து பிடுங்கிக்கொண்ட அதே காந்தம்.

சட்டென்று அவளுக்குப் பள்ளிக்கூடத்து இயற்பியல் அலமாரி ஞாபகம் வந்தது. சிவப்புப் பூசிய லாடக் காந்தம், பெட்டிக்குள் வைக்கும்போதெல்லாம் அதன் இரண்டு காலுக்கும் குறுக்கே ஓர் இரும்புத் துண்டு வைக்க வேண்டும். வைக்க மறந்தால் ஆசிரியை விரலில் அடிப்பார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. இந்த மாதிரிப் பழைய காந்தத்துக்குப் பக்கத்தில் இரும்பு இருந்துகொண்டே இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பலம் இறங்கிவிடும். மோட்டாரில் அந்த இரும்பு ஆர்மேச்சர்தான். அதை எடுத்துவிட்டு, காந்தத்தை இரண்டு நாள் தட்டில் அநாதையாய் விட்டது அவளே. வேகமும் அப்படி வந்ததுதான்: காந்தம் இளைத்தால் மோட்டார் கட்டுப்பாடில்லாமல் சுழலும், இழுக்கும் வலு மட்டும் இருக்காது. அவள் குதித்துக் கொண்டாடியது தன் கையால் கெடுத்ததை. காலி பஸ் என்று கெர்னோட் சொன்னது எவ்வளவு சரி. அவமானமாக இருந்தது. அதே நேரத்தில், காரணம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் கை பரபரத்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

தகரத்தைத் தூக்கிக்கொண்டு பனியில் ஓடினாள். கோட்டு மாட்டவில்லை. இரண்டு தெரு தள்ளி ஹார்ட்மூட் போர்னரின் மொபெட் பட்டறை. மொபெட் இன்ஜினின் சுழல்சக்கரக் காந்தம் இளைத்துப்போனால் ஏற்றிக் கொடுக்கிற பெட்டி ஒன்று அவரிடம் உண்டு. கெர்னோட்டின் பழைய மொபெட்டுக்கு அவர் ஏற்றிக் கொடுத்ததை நின்று பார்த்திருக்கிறாள். ஹார்ட்மூட் காபியில் இஞ்சி ரொட்டியை நனைத்துக்கொண்டு, கதவைச் சாத்தும் யோசனையில் இருந்தார்.

"பட்டறை மூடியாச்சுங்க. திங்கட்கிழமை வாங்க."

"திங்கட்கிழமை உங்க பல் கழண்டா நான் வியாழக்கிழமை வாங்கன்னு சொல்லுவேன், பரவாயில்லையா?"

அவர் காபியைக் கீழே வைத்தார். அவருடைய கீழ்வரிசைப் பல் முழுக்க அவள் செய்ததுதான்.

"என்ன வண்டி?"

தகரத்தைத் திறந்து காட்டினாள். அவர் இன்ஜினைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி இன்ஜினைப் பார்த்தார்.

"இவ்ளோ சின்ன மொபெட்டு நான் பார்த்ததே இல்ல. சரி, காந்தத்தை வெளிய எடுங்க."

"எடுக்கவே கூடாது. எடுத்ததாலதான் இந்த கதி. மோட்டாரோட அப்படியே ஏத்துங்க."

"வடக்கு எந்தப் பக்கம்? மாத்தி ஏத்துனா பின்னாடி ஓடும், அப்புறம் என்னைத் திட்டாதீங்க."

சிவப்பு மெழுகுப் புள்ளி அப்படியே இருந்தது. ஹார்ட்மூட் திசைகாட்டியை அதன் அருகே கொண்டுபோனார். இளைத்த காந்தமானாலும் முள் மெல்லத் திரும்பி எந்தப் பக்கம் வடக்கு என்று காட்டிக் கொடுத்தது. இன்ஜினின் மேல்கூட்டைக் கழற்றி, மோட்டாரை அவர் பெட்டியின் இரண்டு தடித்த இரும்புத் தாடைகளுக்கு நடுவே நுழைத்தார்கள். அவர் கைப்பிடியை இழுத்தார். டப் என்று ஒரு சத்தம், பட்டறை விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது. இன்னொரு முறை. மூன்றாவது முறை.

மார்லிஸ் ஊசியை நீட்டினாள். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. அவள் ஹார்ட்மூட்டின் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டாள், அவர் வாயில் இஞ்சி ரொட்டி இருந்ததால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"விரல் நீளத்துக்கு ஒரு இரும்புப் பட்டை கிடைக்குமா? துருப்பிடிச்சாலும் பரவாயில்ல."

நான்கு ஐம்பதுக்குக் கிடங்குக்குள் நுழைந்தபோது தலையெல்லாம் பனி. இன்ஜினைத் தண்டவாளத்தில் வைத்தாள். மின்சாரம் கொடுத்ததும் நகர்ந்தது. மெதுவாக, மிக மெதுவாக, கிழவர் நடைபயிற்சி போவதுபோல்.

"அட, முன்னாடி இருந்த வேகமும் போச்சே," என்றான் ஃபோல்க்மார். "இதுக்கா அவ்வளவு ஓட்டம்?"

"பெட்டியை மாட்டு. உன் கையாலேயே மாட்டு."

அவன் மாட்டினான். பன்னிரண்டும் மாட்டினான். மார்லிஸ் கட்டுப்பாட்டுப் பெட்டியின் குமிழைத் திருப்பினாள். இன்ஜின் சமவெளியைத் தாண்டியது. முள் நடுவில் நின்றதே தவிர சிவப்பை எட்டிப் பார்க்கவில்லை. முதல் வளைவு. பத்துச் சக்கரமும் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு ஒரே கதியில் ஏறின. இரண்டாவது வளைவு, முன்பு நின்ற இடம். யாரோ அவள் தோளை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், யார் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"நிறுத்து," என்றான் ஃபோல்க்மார். "ஏத்தத்துலயே நிறுத்திட்டு மறுபடி கிளப்பு, பாக்கலாம்."

"முறையில அப்படி இல்லையே," என்று எக்கெஹார்ட் ஆரம்பிப்பதற்குள் மார்லிஸ் நிறுத்திவிட்டாள். ரயில் ஏற்றத்தில் தொங்கியது. ஒரு மூச்சு விட்டுவிட்டுக் குமிழைத் திருப்பினாள். இணைப்புகள் ஒவ்வொன்றாக விறைக்கும் சத்தம் முன்னிருந்து பின்வரை கேட்டது. பன்னிரண்டாவது பெட்டியும் நகர்ந்தது. உச்சி நிலையத்தில் இன்ஜின் நின்றபோது சுவர்க்கடிகாரம் ஐந்தடிக்க நான்கு நிமிடம் இருந்தது. கிடங்கே அதிர்ந்தது. சூப் அண்டாவருகே நின்ற பெண்கள் கரண்டியால் மூடியைத் தட்டிய தட்டில் ஒரு பக்கம் சொட்டையாகிவிட்டது, இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

"கருவி," என்றார் எக்கெஹார்ட், சுத்தியலை அவள் கையில் கொடுத்து.

அவள் இளஞ்சிவப்புப் பிரஷ்ஷை வெளியே எடுத்தாள். ஒரு கணம் அதைப் பார்த்தாள். மறுபடி பெட்டியில் வைத்துவிட்டு, ஹார்ட்மூட்டின் இரும்புப் பட்டையை எடுத்தாள். பட்டறையிலேயே அவரிடம் ஒரு துளை போட்டு வாங்கியிருந்தாள். சொரசொரப்பான முனைகளை அரத்தால் தேய்த்ததுதான் அவள் கைவேலை.

"இது கருவியா?" என்று யாரோ கேட்டார்கள்.

"கருவிதான். ஆர்மேச்சரை வெளிய எடுத்தா இதைக் காந்தத்துக்குக் குறுக்கே வைக்கணும். நான் வைக்கல. ரெண்டு நாள் சும்மா விட்டுட்டேன், காந்தம் செத்துப்போச்சு. அதனாலதான் அது அப்படிப் பறந்துச்சு. நானும் முட்டாள் மாதிரி சந்தோஷப்பட்டேன்."

இதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் முழுதாகச் சொல்லிவிட்டு, பட்டையைச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். பழுதுமேசைக்காரர்கள் மூவரும் திடீரென்று தத்தம் காலணியைப் பார்த்துக்கொண்டார்கள்.

"அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே," என்றான் ஃபோல்க்மார், தொண்டையைச் செருமிக்கொண்டு.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மார்லிஸ் வந்து நான்காவது இருக்கையில் உட்கார்ந்தாள். இழுப்பறையை இழுத்தாள், மூடினாள், மறுபடி இழுத்தாள். கருவிகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள். ஏப்ரனை மேசை விளிம்பில் குத்தினாள். கதவு திறக்க இன்னும் ஒரு மணி நேரம். கூட்டத்தில் யாராவது பழுதான இன்ஜினைக் கொண்டுவர வேண்டுமே, முதல் ஆள் எப்படி இருப்பார் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

முதல் ஆள் அப்போதே எதிரே வந்து நின்றான். ஃபோல்க்மார். வேறு யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கைக்குட்டையில் சுற்றிய பச்சை நிற விரைவு இன்ஜினை மேசைமேல் வைத்தான்.

"என்ன பழுது?" என்றாள் மார்லிஸ்.

"பழுதுன்னு இல்ல," என்றான் அவன், மிகத் தணிந்த குரலில். "கொஞ்சம் வேகமா ஓடுது."

அவளுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். சுவரிலிருந்து இரும்புப் பட்டையைக் கழற்றி எடுத்து, நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள்.

"உக்காரு. சூப்பை இன்னைக்கு யாரு ஊத்துறா?"

"நான்தான்," என்றான் ஃபோல்க்மார்.